இசைக்கலைஞர்களின் வருமானமும் சட்டங்களும்: மறுஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசோ நாடாளுமன்றக் குழுவோ "இசைத்துறைச் சட்டங்களை மறுஆய்வு செய்யப்போகிறோம், கருத்து அனுப்புங்கள்" என்று அறிவித்துவிட்டால், எந்த நாடானாலும் கலைஞர்களிடம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான் கிளம்புகின்றன. சட்டம் படித்தவர்களை மனதில் வைத்து இந்தப் பதில்களை எழுதவில்லை. பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள், மெட்டுப் போடுகிறவர்கள், அவர்களுக்காகச் சங்கம் நடத்துகிறவர்கள் ஆகியோருக்கானவை இவை.

பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினால் போதாதா? மற்ற சட்டங்களை ஏன் பார்க்க வேண்டும்?

போதாது. மறுஆய்வு என்றதும் எல்லோரும் முதலில் கையில் எடுப்பது பதிப்புரிமைச் சட்டத்தைத்தான். ஆனால் இசையை நம்பிப் பிழைப்பவர்களில் பெரும்பாலோருக்குச் சோறு போடுவது ராயல்டி அல்ல. மேடையில் வாசிக்கும் கூலி, ரெக்கார்டிங்குக்குப் போய் வாசித்துவிட்டு வாங்கும் தொகை, பாடம் சொல்லிக்கொடுத்து வரும் பணம் என்று பல துண்டுகளைச் சேர்த்துத்தான் மாதம் ஓடுகிறது. அந்தத் துண்டுகளைத் தீர்மானிப்பவை மதுக்கூட உரிமம், ஒலி மாசு விதி, விசா, சுங்கம், வருமான வரி, தொழிலாளர் சட்டம் ஆகியவை. இவற்றில் பலவற்றில் 'இசை' என்ற சொல்லே இருக்காது.

ஓர் உதாரணம். ஈட்டி மரம் உள்ளிட்ட டால்பெர்ஜியா இன மரங்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் 2017 ஜனவரியில், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். அறைகலன் வியாபாரத்துக்காக நடந்த சட்டவிரோத வெட்டைத் தடுப்பதே நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் கிட்டாரின் விரல்பலகையும் கிளாரினெட்டின் குழலும் அதே இன மரத்தில் செய்யப்படுபவை. வாத்தியத்தை வெளிநாட்டுக்கு அனுப்பவும் விற்கவும் அனுமதிக் காகிதம் தேவைப்பட்டது. வாத்தியம் செய்பவர்களும் இசைக்குழுக்களும் போராடி, 2019-இல் முழுமையாகச் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு வாங்கினார்கள். விதியை எழுதிய மேசையில் இசைத்துறையின் குரலுக்கு முதலிலேயே இடம் இருந்திருந்தால் அந்த இழுபறியே தேவைப்பட்டிருக்காது.

ஒரே பாட்டுக்கு இத்தனை உரிமைகளா? யாருக்கு எது?

சுருக்கமாகச் சொன்னால் இரண்டு அடுக்கு. வரியும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஓர் அடுக்கு. அதைப் பாடி வாசித்துப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னோர் அடுக்கு. முதலாவது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரியது, அல்லது அவர்கள் எழுதிக்கொடுத்த பதிப்பாளருக்கு. இரண்டாவது பெரும்பாலும் லேபிளிடம், அதாவது ஒலிப்பதிவை வெளியிடும் நிறுவனத்திடம் இருக்கும். பாடகரும் வாத்தியக் கலைஞரும் நிகழ்த்துநர்கள். அவர்களுக்குத் தனி உரிமை உண்டு, ஆனால் அது பிற்காலத்தில் வந்தது. படைப்பாளிகளுக்கான பெர்ன் உடன்படிக்கை 1886-இல் உருவானது. நிகழ்த்துநர்களுக்கு ரோம் உடன்படிக்கை கிடைக்க 1961 ஆயிற்று. அந்த முக்கால் நூற்றாண்டு இடைவெளியின் விளைவு இன்றும் தொடர்கிறது: எழுதியவருக்கு இருக்கும் பாதுகாப்பு வாசித்தவருக்குப் பல நாடுகளில் இல்லை.

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே சாதாரண ஏஎம், எஃப்எம் வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்குப் பணம் உண்டு, பாடியவருக்குக் காசு கிடையாது. அதே பாட்டு இணைய வானொலியிலோ செயற்கைக்கோள் வானொலியிலோ ஒலித்தால் பாடியவருக்கும் உண்டு. 1995-இல் கொண்டுவந்த சட்டம் டிஜிட்டல் ஒலிபரப்புக்கு மட்டும் அந்த உரிமையைக் கொடுத்தது. அந்தப் பணம் பிரியும் விதம் கவனிக்கத்தக்கது: ஒலிப்பதிவின் உரிமையாளருக்கு 50 சதவீதம், முதன்மைக் கலைஞருக்கு 45, பின்னணியில் பாடியவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும் 5. இந்தப் பங்கீடு சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. கலைஞரின் பங்கு லேபிளின் கணக்கு வழியாகப் போகாமல் நேராக அவர் கைக்கே போகிறது. இந்த 'நேராக' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்வியே அதைப் பற்றியதுதான்.

சட்டத்தில் உரிமை இருக்கிறது. பிறகு ஏன் பணம் வருவதில்லை?

மறுஆய்வின் உயிர்க்கேள்வி இதுதான் என்பேன். மதகு திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்ததா என்று கடைமடையில் போய் நின்றுதான் பார்க்க வேண்டும். சட்டப் புத்தகத்திலிருந்து தொடங்கினால் எல்லா உரிமையும் இருப்பதாகத்தான் தெரியும்.

முதல் அடைப்பு, உரிமையை எழுதி வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தம். இந்தியாவின் கதை இதற்கு நல்ல பாடம். திரைப்படத்துக்காகக் கூலி கொடுத்து எழுதவும் மெட்டுப் போடவும் வைத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்பிறகு 35 ஆண்டுகள் பெரும்பாலான பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் மொத்தமாக எழுதிக்கொடுத்துவிட்டு ஒதுங்கினார்கள். பதிப்புரிமைச் சட்டத்துக்கு வந்த 2012 திருத்தம் அதை மாற்றியது. உரிமையை யாருக்கு எழுதிக்கொடுத்தாலும், திரையரங்கில் படத்தோடு சேர்ந்து ஒலிப்பது தவிர்த்த மற்ற பயன்பாடுகளில் ராயல்டியைச் சரிபாதி பெறும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ, ராயல்டியை வசூலித்துப் பிரித்துத்தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அதை எழுதித்தர முடியாது. மாநிலங்களவையில் இதற்காக வாதாடியவர்களில் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் முக்கியமானவர். 'உரிமை உண்டு' என்பதைவிட 'விட்டுக்கொடுக்க முடியாது' என்பதற்குப் பலம் அதிகம். எதிரில் உட்கார்ந்திருப்பவர் "கையெழுத்துப் போட்டால்தான் வாய்ப்பு" என்று சொல்லும்போது முன்னதைக் கேட்டால் எடுபடாது. பின்னதை அவரே வாங்க முடியாது.

இரண்டாவது அடைப்பு, முன்பணக் கழிவு. இதைக் கணக்காகப் பார்த்தால்தான் புரியும். ஒரு பாடகருக்கு முன்பணமும் ரெக்கார்டிங் செலவுமாக லேபிள் 10 லட்சம் போடுகிறது (எந்த நாணயமும் ஆகட்டும்). பாடகரின் பங்கு 15 சதவீதம். ஆல்பம் 40 லட்சம் ஈட்டுகிறது. பாடகருக்கு 6 லட்சம் வர வேண்டும். ஆனால் அந்த 6 லட்சமும் 10 லட்சத்தை அடைக்கப் போய்விடுகிறது. லேபிள் போட்ட 10 லட்சத்தை எடுத்ததோடு 30 லட்சம் மேலேயும் பார்த்துவிட்டது. பாடகரின் கணக்குப் புத்தகத்திலோ இன்னும் 4 லட்சம் பாக்கி. யாரும் ஏமாற்றவில்லை, எல்லாம் ஒப்பந்தப்படிதான். அதனால்தான் நேரடியாகக் கைக்கு வரும் 45 சதவீதம் வேறு, லேபிள் கணக்கில் வரவாகும் 45 சதவீதம் வேறு.

ஒப்பந்தம் இருவருக்கிடையிலான விஷயம். அதில் சட்டம் தலையிடலாமா?

தலையிடாத நாடு அரிது. எங்கே, எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 பதிப்புரிமை வழிகாட்டுதல் மூன்று விஷயங்களைச் சேர்த்துக் கோர்த்தது. உரிமையை எழுதிக்கொடுப்பவருக்குப் பொருத்தமான, விகிதாச்சாரமான ஊதியம் வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது வரவுக் கணக்குக் காட்ட வேண்டும். பேசிய தொகை பின்னால் வந்த வருமானத்தோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம் என்றானால் கூடுதலாகக் கேட்கலாம். மூன்றில் எனக்கு முக்கியமாகப் படுவது நடுவில் இருப்பது. கணக்கே தெரியாதவர் எதை வைத்துக் கூடுதல் கேட்பார்?

அமெரிக்கா காலத்தை வைத்துத் தீர்வு கண்டது: 1978 முதல் படைப்பாளி தானே எழுதிக்கொடுத்த உரிமையை 35 ஆண்டுகள் கழித்துத் திரும்பப் பெறலாம், ஒப்பந்தம் என்ன சொன்னாலும் சரி. ஆனால் கூலிக்குச் செய்த வேலை என்று வகைப்படுத்தப்பட்டால் அந்த வழி அடைபடும். லேபிள்கள் வழக்கமாக எடுப்பதும் அந்த வாதத்தைத்தான். இந்தியச் சட்டத்தில் எளிமையான ஒரு பாதுகாப்பு உண்டு. எத்தனை காலத்துக்கு என்று எழுதாத உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்கே செல்லும். எந்தப் பகுதிக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத கலைஞருக்கு இப்படித் தானாக வேலை செய்யும் விதிதான் உதவும். நீதிமன்றம் போய்க் கேட்டுப் பெறும் உரிமை, போகக்கூடியவருக்கே உதவும்.

ஒரு தடவை பணம் வாங்கிக்கொண்டு வாசித்துவிட்டுப் போகிற வாத்தியக் கலைஞருக்கு?

பெரும்பாலான நாடுகளில் அத்தோடு சரி. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் ஒலிப்பதிவுப் பாதுகாப்பை 50-இலிருந்து 70 ஆண்டுகளாக நீட்டியபோது ஒரு நிபந்தனை வைத்தது: கூடுதல் ஆண்டுகளில் வரும் வருமானத்தில் 20 சதவீதத்தை, ஒரே தடவை தொகை வாங்கிய கலைஞர்களுக்கு என ஒதுக்க வேண்டும். நல்லதுதான். ஆனால் 25 வயதில் வாசித்தவருக்கு அந்தப் பணம் 75-ஐத் தாண்டித்தான் வரத் தொடங்கும். ஸ்ட்ரீமிங்கில் நிகழ்த்துநருக்கு விட்டுக்கொடுக்க முடியாத ஊதியத்தைச் சங்கம் வழியாக வசூலிக்கும் ஏற்பாடு ஸ்பெயினில் 2006 முதல் இருக்கிறது. வாத்தியக் கலைஞர் பக்கம் நின்று யோசிக்கும் மறுஆய்வு எதுவானாலும் அதைப் படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஸ்ட்ரீமிங்கில் ஒரு தடவை கேட்டால் எவ்வளவு?

இணையத்தில் சுற்றும் 'ஒரு கேட்புக்கு இவ்வளவு' பட்டியல்களை வைத்துச் சட்டம் கேட்காதீர்கள். பெரும்பாலான தளங்களில் அப்படி ஒரு நிலையான விலையே கிடையாது. மாதச் சந்தாவும் விளம்பர வருமானமும் ஒரே குவியலாகும். தளம் தன் பங்கை எடுத்தபின் மீதி, மொத்தக் கேட்புகளில் ஒவ்வொரு உரிமையாளருக்கும் என்ன விகிதமோ அப்படிப் பிரியும். நீங்கள் மாதம் முழுக்க ஒரே ஒரு கலைஞரைக் கேட்டாலும் உங்கள் சந்தா முழுதும் அவருக்குப் போகாது. கேட்பவரின் சந்தாவை அவர் கேட்டவர்களுக்கே பிரிக்கும் முறையை சவுண்ட்கிளவுட் 2021-இல் சிறு கலைஞர்களுக்காகத் தொடங்கியது. ஸ்பாட்டிஃபை எதிர்த்திசையில் போனது: 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 கேட்பு எட்டாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. இவை இரண்டும் நிறுவனங்களே எடுத்த முடிவுகள். எந்த நாடாளுமன்றமும் விவாதித்து நிறைவேற்றியவை அல்ல. கலைஞருக்கு என்ன வரும் என்பதை மாற்றும் கொள்கைகளை அரசு மட்டும் எழுதுவதில்லை என்பதை மறுஆய்வுக் குழு கணக்கில் எடுக்க வேண்டும்.

பிரிட்டனில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே நாடாளுமன்றக் குழு ஸ்ட்ரீமிங் பொருளாதாரத்தை விசாரித்து 2021 ஜூலையில் அறிக்கை தந்தது. முழுமையான மறுசீரமைப்பு வேண்டும், அந்நாட்டு வானொலிக்கு இருப்பதுபோல் நிகழ்த்துநருக்கு நியாயமான ஊதிய உரிமை வேண்டும் என்றது. 2022 நவம்பரில் போட்டிச் சந்தை ஆணையம் தன் ஆய்வை முடித்தபோது, போட்டிச் சட்டத்தின் வழியே தலையிட்டால் கலைஞர்களின் நிலை மேம்பட வாய்ப்பில்லை என்று ஒதுங்கியது. இரண்டும் முரண்பாடு அல்ல. ஆணையம் நுகர்வோர் பக்கத்திலிருந்து கேட்டது, குழு கலைஞர் பக்கத்திலிருந்து கேட்டது. எந்த அமைப்பிடம் மறுஆய்வை ஒப்படைக்கிறார்கள் என்பதிலேயே பாதி விடை தீர்மானமாகிவிடுகிறது.

வசூலிக்கும் சங்கங்களிடம் என்ன பார்க்க வேண்டும்?

உரியவர் யாரென்று தெரியாமல் தேங்கிக் கிடக்கும் பணம் எவ்வளவு, அது கடைசியில் யாருக்குப் போகிறது. இந்த ஒரு கேள்வியிலேயே பலதும் வெளிவரும். அமெரிக்காவில் 2018-இல் வந்த இசை நவீனமயச் சட்டத்தின் கீழ் புதிய வசூல் அமைப்பு உருவானபோது, அதுவரை ஸ்ட்ரீமிங் தளங்களிடம் உரியவரோடு பொருந்தாமல் கிடந்த சுமார் 42.4 கோடி டாலரை 2021 பிப்ரவரியில் அதனிடம் ஒப்படைத்தார்கள். அது படைப்பாளிகளின் பணம். பெயர் தவறு, எழுத்துக்கூட்டல் வேறுபாடு, ஒலிப்பதிவின் அடையாளமான ஐஎஸ்ஆர்சி எண்ணையும் படைப்பின் அடையாளமான ஐஎஸ்டபிள்யூசி எண்ணையும் இணைக்காதது போன்ற அற்பக் காரணங்களாலும் இப்படித் தேங்கும். தேங்கிய பணத்தைச் சந்தைப் பங்கின்படி பிரித்தால் யாரோ ஒரு சிறு கலைஞரின் காசு பெரிய நிறுவனத்துக்குப் போகும். இந்தப் பிரிப்பு விதி பெரும்பாலும் சங்கத்தின் உள்விதிகளில் ஒளிந்திருக்கும்.

மேடையை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு எந்தச் சட்டம் முக்கியம்?

இடத்தைப் பற்றிய சட்டம். நியூயார்க் நகரின் கேபரே சட்டம் 1926-இல் வந்தது. உணவோ பானமோ விற்கும் இடங்களில் இசையோ நடனமோ நடந்தால் உரிமம் வேண்டும் என்றது. பின்னாளில் அங்கே வாசிக்கிறவர் ஒவ்வொருவரும் போலீசிடம் அட்டை வாங்க வேண்டியிருந்தது. ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே 1947-இல் அந்த அட்டையை இழந்தார், ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் 1951-இல். பாடக்கூடாது, வாசிக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் அவர்களைத் தடுக்கவில்லை. அந்த நகரின் மதுக்கூடங்களில் மட்டும் முடியாது. ஜாஸ் கலைஞருக்கு அந்த மேடைகளே வருமானம். அட்டை முறை 1967-இல் போனது, சட்டம் 2017-இல்தான் நீக்கப்பட்டது.

இங்கிலாந்தின் 2003 உரிமச் சட்டம் வருமுன் மதுக்கூடத்தில் இருவர் வரை வாசிக்க உரிமம் வேண்டியதில்லை. எல்லா உரிமங்களையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவரும் முயற்சியில் அந்த விலக்கு போயிற்று. சிறு இடங்களின் கஷ்டத்தைச் சொல்லிச் சொல்லி 2012-இல் தனிச் சட்டம் வந்து, மது உரிமம் உள்ள இடங்களில் 200 பேர் வரையிலான நிகழ்ச்சிகளுக்குக் காலை 8 முதல் இரவு 11 வரை தனி அனுமதி வேண்டாம் என்றது; 2015-இல் அது 500 பேர் ஆனது. இன்னொன்று: பழைய இசைக்கூடத்துக்குப் பக்கத்தில் புதுக் குடியிருப்பு எழும்பினால், சத்தம் கேட்காமல் சுவர் கட்டும் செலவு யாருடையது? பின்னால் வந்தவருடையது என்னும் கொள்கையை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமும் பிறகு இங்கிலாந்தும் திட்டமிடல் விதிகளில் சேர்த்துவிட்டன. உங்கள் ஊரில் எந்த மேடை மூடப்பட்டதோ அதன் பக்கத்து மனையைப் போய்ப் பாருங்கள்.

கலைஞர் தொழிலாளியா, சுயதொழில் செய்பவரா?

இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர். தொழிலாளி என்று சட்டம் போட்டால் ஒரு சிக்கல்: கலிபோர்னியா 2020 ஜனவரியில் அப்படியொரு சட்டத்தை அமலாக்கியபோது, ஒரு நாள் ரெக்கார்டிங்குக்கு நாலு பேரைக் கூப்பிடும் இசையமைப்பாளரே அவர்களுக்கு முதலாளி ஆகிவிடுவார் என்ற கலக்கம் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இசைத்துறைக்கு விலக்குகள் தர வேண்டியதாயிற்று. சுயதொழில் என்று விட்டாலும் சிக்கல்: நாலு பேர் கூடி "இதற்குக் குறைந்து வாசிக்கமாட்டோம்" என்றால் போட்டிச் சட்டம் அதை விலைக்கூட்டுச் சதியாகப் பார்க்கலாம். நெதர்லாந்தில் இசைக்குழுக்களின் மாற்றுக் கலைஞர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் பேசியதே ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2014-இல் தீர்ப்பு வந்தது: பெயருக்கு மட்டும் சுயதொழில், நடைமுறையில் ஊழியர் என்றால் கூட்டாகப் பேசலாம். 2022-இல் ஐரோப்பிய ஆணையம் வழிகாட்டுதல் கொடுத்து அந்தக் கதவை இன்னும் சற்று அகலமாகத் திறந்தது.

வேறு வழிகளும் உண்டு. பிரான்சில் 12 மாதங்களில் 507 மணிநேரம் வேலை காட்டினால் மேடைக் கலைஞருக்கு வேலையில்லாக் காலத்தில் உதவித்தொகை. ஜெர்மனியில் 1983 முதல் கலைஞர்களுக்கான சமூகக் காப்பீடு. கலைஞர் பாதி கட்டுகிறார், மீதியைக் கலையைப் பயன்படுத்தும் நிறுவனங்களும் அரசும் கட்டுகின்றன. அயர்லாந்து 2022-இல் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ அடிப்படை வருமானம் தரும் சோதனையைத் தொடங்கியது. ராயல்டி விவாதத்தில் செலவாகும் சக்தியில் பாதியாவது இதற்குச் செலவானால் நல்லது.

வெளிநாட்டில் வாசித்தால் வரி எங்கே?

பொதுவாக வாசித்த நாட்டில். இரட்டை வரி ஒப்பந்தங்கள் பலவற்றுக்கும் அடிப்படையான, ஓஇசிடி என்னும் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பின் மாதிரி ஒப்பந்தத்தின் 17-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. பல நாடுகள் பயணச் செலவைக் கழிக்காமல் மொத்தத் தொகையிலேயே பிடிக்கின்றன. அங்கே பிடித்த வரியைச் சொந்த நாட்டு வரியில் கழித்துக்கொள்ளச் சான்றிதழ் வேண்டும். நிகழ்ச்சி அமைப்பாளர் அந்தச் சான்றிதழை அனுப்பினால் உண்டு.

செயற்கை நுண்ணறிவு?

கேட்க வேண்டியது ஒன்று: பாட்டுகளை வைத்துக் கணினியைப் பழக்குவதை மறுக்கும் உரிமை யார் கையில்? ஐரோப்பாவின் 2019 வழிகாட்டுதல், தரவு அகழ்வுக்கு (கணினி மொத்தமாக அலசித் தகவல் எடுப்பதற்கு) வேண்டாம் என்று சொல்லும் உரிமையை உரிமையாளருக்குக் கொடுத்தது. லேபிள் உரிமையாளராக இருந்தால் வேண்டாம் என்பதும், பணம் வாங்கிக்கொண்டு சரி என்பதும் அதன் கையில். டென்னசி மாநிலம் 2024-இல் ஒருவரின் குரலுக்கே பாதுகாப்புக் கொடுத்தது. பழைய ஒப்பந்தங்களில் 'இனி வரப்போகும் எல்லாத் தொழில்நுட்பங்களுக்கும்' என்று எழுதி வாங்கிய வரிகள் என்ன ஆகும் என்பதையும் மறுஆய்வு பேச வேண்டும்.

கருத்து அனுப்ப நாளைதான் கடைசி நாள். என்ன எழுதுவது?

கோரிக்கைப் பட்டியல் வேண்டாம். அது சங்கங்களிடமிருந்து வரும். கடைசியாக வந்த உங்கள் ராயல்டி அறிக்கையை எடுத்து, பெயர்களை மறைத்து, மொத்தம் எவ்வளவு, எந்தெந்தக் கழிவு போனது, கையில் எவ்வளவு என்று மூன்று வரி எழுதுங்கள். அறிக்கையே வருவதில்லை என்றால் அதையே எழுதுங்கள், எப்போது கேட்டீர்கள் என்பதோடு. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் புரியாத உட்பிரிவு ஒன்றை அப்படியே எடுத்துப் போடுங்கள். ரகசிய நிபந்தனை இருந்தால் சாரத்தை மட்டும். உரிமம், விசா, வரி என்று ஏதாவது ஒன்றால் நின்றுபோன நிகழ்ச்சி இருந்தால் அதில் இழந்த தொகையைச் சேருங்கள். ஒரு பக்கம் போதும். பெயர் வெளியாக வேண்டாம் என்றால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். பெரும்பாலான குழுக்களில் அதற்கு வழி உண்டு.